மூத்த குடிமக்கள் டெபாசிட்டை முடித்து நாய்க்குட்டி வாங்கலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 63. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். மகள் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறாள். பென்ஷன் 34,000 ரூபாய் வருகிறது, கையில் பெரிதாக மிஞ்சுவதில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 10 லட்சம் போட்டேன். அந்த வட்டி வீட்டு ரிப்பேர், பெங்களூர் போக வர என்று செலவாகிவிடுகிறது. துணைக்கு ஒரு ஷிட்சு குட்டி வளர்க்க ஆசை. 28,000 ரூபாய் சொல்கிறார்கள். 5,000 அட்வான்ஸை ஜிபேயில் போட்டால் குட்டியை அனுப்பிவிடுவார்களாம். டெபாசிட்டை எடுத்து வாங்கலாமா?

பதில்: குட்டி வாங்குங்கள் அம்மா. டெபாசிட்டை மட்டும் தொடாதீர்கள்.

அந்தக் கணக்கில் தேவையான அளவு மட்டும் எடுக்க வழியில்லை, முழுவதையும்தான் முடிக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடம் முடிவதற்குள் முடித்தால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் 10 லட்சத்துக்கு அது 15,000 ரூபாய். அதாவது 28,000 ரூபாய்க் குட்டி 43,000 ஆகிவிடும். ஐந்து வருடத்தில் மீதிக் காலத்துக்கு உறுதியாகக் கிடைக்க வேண்டிய வட்டியும் போய்விடும்.

8.2 சதவீதக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்கு 20,500 ரூபாய் வருகிறது. நாய்க்கான பணம் அங்கிருந்துதான் வர வேண்டும். ஏனென்றால் குட்டியின் விலை ஒருமுறைச் செலவு, வளர்ப்பது மாதாமாதச் செலவு. சாப்பாட்டுக்கு 1,500, முடி வெட்டிக் குளிப்பாட்ட 1,000, தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, டாக்டர் எல்லாவற்றுக்கும் சராசரியாக 700 என்று ஒதுக்குங்கள். மொத்தம் 3,200. ஷிட்சு பத்து வருடத்துக்கு மேல் வாழும் இனம். 12 வருடம் என்று வைத்தால், இன்றைய விலையிலேயே 4.6 லட்சம் வருகிறது. பயப்பட வேண்டாம், உங்கள் வருமானம் இதைத் தாங்கும். தெரிந்து இறங்குங்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இதில் சேராத ஒரு செலவு ஏசி. ஷிட்சு திபெத், சீனப் பக்கத்திலிருந்து வந்த இனம். அடர்த்தியான முடி, தட்டை முகம், குட்டை மூக்கு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூக்கு குட்டையாக இருந்தால் அதுவும் சிரமம். கடலூரின் கடலோரப் புழுக்கத்தில், அக்னி நட்சத்திர மதியத்தில், மின்விசிறி மட்டும் போதாது. ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், தினம் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 300 யூனிட். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, முந்தைய யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை கூடிவிடும். கோடைக்கு முன் பழைய கரன்ட் பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முடியைக் குட்டையாக வெட்டிவிட்டால் சிக்கு குறையும், பராமரிப்பும் எளிது.

சரி, எப்படிச் சேர்ப்பது? நாய் இப்போதே வீட்டில் இருப்பதாக நினைத்து, அடுத்த வட்டியிலிருந்து 9,600 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். மூன்று தவணையில் 28,800 சேர்ந்துவிடும், குட்டியின் விலை கையில் இருக்கும். அதைவிட முக்கியம், மாதம் 3,200 குறைந்தாலும் குடும்பம் ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும்.

அந்த மாதங்களில் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஷிட்சு வளர்க்கும் வீடு ஒன்றைத் தேடிப் போய் ஒரு மதியம் முழுக்க உட்காருங்கள். கால்நடை மருத்துவரைக் கேட்டால் கை காட்டுவார். சீப்பை வாங்கிக் காதுக்குப் பின்னால், அக்குளில் சீவிப் பாருங்கள். ஓரிரு நாள் சீவாமல் விட்டாலே அங்கேதான் சிக்கு விழும். கண் பெரிதாக வெளியே தெரியும், கீறல் படுவதும் புண்ணாவதும் சுலபம், தினம் துடைக்க வேண்டும். குறட்டை விடும். திருடன் வந்தால் அவனிடமும் வாலாட்டக்கூடும், காவலுக்கு இதை நம்ப வேண்டாம். ஆனால் நீங்கள் சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வரும், உட்கார்ந்தால் காலடியில் படுக்கும். வேட்டைக்காக வளர்த்த இனம் அல்ல, மனிதர் பக்கத்தில் இருப்பதற்காகவே வளர்த்த இனம். நீண்ட தூர நடை தேவையில்லை, ஐந்து, ஆறு கிலோதான், தூக்கிக்கொள்ளலாம். தனியாக இருப்பவருக்கு இது பெரிய விஷயம். அந்தத் துணைக்கு மாதம் 3,200 கொடுப்பதை நான் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

குட்டிதான் வேண்டும் என்று இல்லையென்றால் மூன்று, நான்கு வயது நாயைப் பற்றியும் யோசியுங்கள். வெளியூர் மாறுகிறவர்கள் நல்ல வீடு தேடுவார்கள். குட்டிக்காலத் தொல்லைகள் முடிந்திருக்கும், குணமும் முன்பே தெரியும்.

இன்று வாங்கும் குட்டி உங்களுடைய 75 வயதுக்குப் பிறகும் இருக்கலாம். யார் பார்த்துக்கொள்வார் என்று மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். நாயின் பெயருக்கு உயில் எழுத முடியாது, பார்த்துக்கொள்ளும் நபரின் பெயருக்கு ஒரு தொகை எழுதலாம்.

அப்புறம் அந்த 5,000 ரூபாய் அட்வான்ஸ். போடாதீர்கள். பார்க்காத குட்டிக்குப் பணம் அனுப்பினால், அடுத்து வண்டிச் செலவு, கூண்டுச் செலவு என்று கேட்டுக்கொண்டே போகும் ஏமாற்று ஊரெங்கும் நடக்கிறது. 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றைக் கேளுங்கள், தாய் நாயை நேரில் பாருங்கள். 'டீகப்' என்று சின்னதாகக் காட்டி அதிக விலை சொன்னால் விலகிவிடுங்கள், அப்படி ஓர் இனமே கிடையாது. குட்டி மனதுக்குப் பிடித்துவிட்டால், முழுப் பணம் கொடுக்கும் முன் கண், மூக்கு, இதயம் மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான்.