நாத்தனார் திருந்திய வாரம்

கேள்வி: இரண்டு வருஷமாக அண்ணிக்குக் குழி பறித்த சீரியல் நாத்தனார், திடீரென்று திருந்தி அண்ணி காலைப் பிடித்து அழுகிறாள். எழுதுகிறவர்களுக்குப் பாத்திரப் படைப்பு என்றால் என்னவென்றே தெரியாதா? (ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: திடீரென்றா? நீங்கள் அழுகையைப் பார்த்தது நேற்று. முடிவெடுத்தது எப்போதோ! வியாழக்கிழமைதோறும் டி.ஆர்.பி. வரும் (எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு), அது இறங்கினால் கதையின் டிராக் மாறும். அல்லது அந்த நடிகைக்கு சினிமா வாய்ப்பு வந்து கால்ஷீட் பாதியாகியிருக்கும். வில்லி என்றால் தினமும் வந்து முறைக்க வேண்டும். திருந்தியவளுக்கு வாரம் இரண்டு சீன் போதும், ஓரமாக வெங்காயம் நறுக்குவாள். கால்ஷீட் இன்னும் குறைந்தால் ஜெயில். அதற்கும் கீழே போனால் கோமா; முகத்தைக் கட்டுப் போட்டு மூடிவிட்டால் நடிகையே வேண்டாம், கட்டில் போதும்.

அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக 22 நிமிஷம் சொச்சம். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். வசனகர்த்தா கைக்கு ஒன்லைன், அதாவது காட்சிச் சுருக்கம், வருவதே பல நாள் ஷூட்டிங்குக்கு முந்தின ராத்திரிதான். நாத்தனார் ஏன் திருந்தினாள் என்று அவர் யாரைக் கேட்பார்? ஆகவே மூன்று ஜூம், ஒரு பழைய ஃப்ளாஷ்பேக், ஒரு வயலின். (ஹாலில் நின்று சதித்திட்டத்தை உரக்க நினைக்கிறார்களே, அதை மட்டும் திட்டாதீர்கள். பாதிப் பேர் சீரியலை அடுப்படியிலிருந்து காதால் பார்க்கிறார்கள்.)

உங்கள் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு ரோட்டில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வாசல் வளைவு நிற்கும். எல்லாப் பெருமையையும் கோடம்பாக்கத்துக்கு எழுதி வைக்கிறவர்கள் அதன் கீழே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வரலாம். 1950-இல் அங்கிருந்து வந்தது ‘மந்திரி குமாரி’. குண்டலகேசியிலிருந்து எடுத்த கதை, கலைஞர் வசனம். ராஜகுருவின் மகன் கொள்ளைக்காரன். கொள்ளையைக் கலை என்றே வாதாடுகிறவன். வில்லனுக்கு ஒரு வாதம் இருந்தது, பாருங்கள்! இன்றைய வில்லிக்குப் புருவம்தான் இருக்கிறது. அவன் மனைவியைக் கொல்ல மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான். சாகுமுன் கணவனை மூன்று முறை வலம்வர வேண்டும் என்கிறாள் அவள். பதிவிரதை கேட்கக்கூடியதுதானே என்று அவனும் அசையாமல் நிற்கிறான். சுற்றி வந்தவள் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். எந்தக் குணத்தை நம்பி அவன் நின்றானோ, அதை வைத்தே அவனை முடித்தாள். நீங்கள் கேட்ட பாத்திரப் படைப்பு இதுதான்.

இதையே இன்று சீரியலாக எடுத்தால் திங்கள் மலையேறுவார்கள். செவ்வாய் முதல் சுற்று. புதன் வீட்டில் மாமியார் ஏற்றிய விளக்கு அணையும். வியாழன் இரண்டாவது சுற்று, நடுவில் புடவை முள்ளில் மாட்டும். வெள்ளி மூன்றாவது சுற்று, கை நீளும், ஃப்ரீஸ். சனி, கனவு! மறுவாரம் நிஜமாகவே தள்ளுவாள். விழுந்தவன் சாகமாட்டான். அடிவாரத்துப் பெரியவர் பச்சிலை வைத்துக் கட்ட, நினைவு தப்பி, மூன்று மாசம் கழித்து ‘இவருக்குப் பதில் இவர்’ கார்டோடு வேறு முகத்தில் வந்து நிற்பான். வீட்டில் ஒருவரும் வித்தியாசத்தைக் கவனிக்கமாட்டார்கள், பாட்டி உட்பட.

மலை என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. சீரியலில் ஹனிமூன் ஜோடியின் கார் ஒரே வளைவை மூன்று தடவை கடக்கிறது, பலகை மூன்று தடவையும் பளிச்சென்று தெரிகிறது. கேமராவை இன்னொரு வளைவுக்குத் தூக்கிப் போகச் சோம்பல். போகட்டும், ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைப்பாதை விதியாவது தெரிய வேண்டாமா? ஹீரோ கீழே இறங்கும்போது, மேலே ஏறி வரும் காய்கறி லாரி ரிவர்ஸ் எடுத்து ஒதுங்குகிறது. அந்த லாரி டிரைவரைத்தான் நான் நல்லவர் என்பேன். அவருக்குக் கால்ஷீட் பிரச்சினையும் இல்லை.