வாசகர் கேள்வி பதில்: பார்வை இல்லாதவர் செயின் சா பிடிக்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. தனி வீடு, தோட்டத்தில் ஒரு பூவரசு, இரண்டு புங்கை, ஒரு முருங்கை. ஒவ்வொரு காற்று மழைக்கும் கிளைகள் முறிந்து குவிகின்றன. கை ரம்பமும் டிரில்லும் பழக்கம். செயின் சா (பல் வைத்த செயின் ஓடி மரம் அறுக்கும் மெஷின்) வாங்கலாம் என்றால் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் கூடாது என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: எதை அறுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கீழே கிடக்கிற கட்டையைத் தாங்கியில் ஏற்றிக் கட்டி, மெஷினையும் ஒரு கீலில் பூட்டி அறுப்பது பார்வை இல்லாமல் செய்யக்கூடிய வேலை. நிற்கிற மரத்தைச் சாய்ப்பது, ஏணியில் ஏறிக் கிளை கழிப்பது, தோள் உயரத்துக்கு மேல் மெஷினைத் தூக்குவது, இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். மரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது கடைசி ஒன்றிரண்டு நொடியில்தான் தெரியும். அதைக் காதை மட்டும் வைத்துக் கணிக்க முடியாது.

வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் கையால் பார்க்கிறவர். கட்டை எங்கே முடிகிறது, எவ்வளவு அறுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கை தானாக நீளும். செயின் ஓடும்போது அந்தக் கை நீளக் கூடாது. முறை முழுவதும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது: தொடும் நேரம் வேறு, செயின் ஓடும் நேரம் வேறு. பேட்டரி மெஷினில் இருக்கும்வரை இரண்டு கையும் கைப்பிடியில். பேட்டரியைக் கழற்றி இடுப்புப் பையில் போட்ட பிறகே விரல் கட்டைக்குப் போக வேண்டும். அவசரத்தில் 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று இதை மீறுவீர்கள் என்றால் மெஷினே வேண்டாம்.

பேட்டரி மெஷின் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் மெஷினில் விசையை விட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஐடில் (விசையை விட்டபின் இன்ஜின் ஓடும் வேகம்) கூடியிருந்தால் செயினும் மெல்ல நகரும். இன்ஜின் இரைச்சலில் அது காதுக்கு எட்டாது. பார்வை உள்ளவர் கண்ணால் பார்த்துவிடுவார், நீங்கள் பார்க்க முடியாது. பேட்டரி மெஷினில் விசையை விட்டால் மோட்டார் நிற்கும், ஒரு கணத்தில் செயினும் சத்தமும் நிற்கும். வயர் வைத்த மின்சார மெஷினும் சரிப்படாது. வயர் எங்கே கிடக்கிறது என்று ஒவ்வொரு நொடியும் நினைவில் வைத்திருக்க வேண்டிவரும்.

செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டுக்குப் 'பார்' என்று பெயர்; அது 10 அல்லது 12 அங்குலம் போதும். கடையில் பேட்டரி இல்லாத மெஷினைக் கையில் வாங்கி நான்கு விஷயங்களைத் தடவிப் பாருங்கள். முன் கைப்பிடிக்கு எதிரே நிற்கும் தகடுதான் செயின் பிரேக். முன்னால் தள்ளினால் 'டக்' என்று பூட்ட வேண்டும். பின் கைப்பிடியில் விசையோடு சேர்த்து அழுத்தவேண்டிய பூட்டுப் பொத்தான் இருக்க வேண்டும். பாருக்குக் கீழே, மெஷின் உடம்பை ஒட்டி, அறுந்த செயினைத் தடுக்கும் கொக்கி இருக்கும். கட்டையில் ஊன்றிக்கொள்ள முன்பக்கம் இரும்பு முட்கள் இருந்தால் நல்லது.

அடுத்தது கிக்பேக். இதைப் புரிந்துகொள்ளாமல் மெஷினைத் தொடக் கூடாது. ஓடும் பாரின் நுனியில், மேல் கால்பகுதி எதிலாவது பட்டால், பல் அறுக்காமல் கவ்விப் பிடிக்கும். செயினின் வேகம் அப்படியே பாரைத் தூக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் எறியும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிற காரியம் இது. பார்வை உள்ளவர்கள் நுனியைக் கண்ணில் வைத்துத் தப்பிக்கிறார்கள். நீங்கள் ஏற்பாட்டினால் தப்பிக்க வேண்டும். அதனால்தான் கீல் வைத்த தாங்கி. எக்ஸ் வடிவக் கால்களின் பக்கத்தில் பாரைப் பிடித்துக்கொள்ளும் கீல் இருக்கும். மெஷின் மேலும் கீழும் மட்டுமே போகும், பின்னால் எகிறாது. கூடவே கிக்பேக் குறைந்த செயின் போடுங்கள். பாரின் நுனியை மூடும் காப்பு சில மாடல்களுக்குக் கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

இனி ஒரு துண்டு அறுப்பதைப் பார்ப்போம். மெஷினில் பேட்டரி இல்லை. கட்டையைத் தாங்கியில் வைத்து, இரண்டு இடத்தில் ராட்செட் பட்டையால் இறுக்குங்கள். காலால் மிதித்துப் பிடிப்பதோ, இன்னொருவர் கையால் பிடிப்பதோ கூடாது. அறுபடும் துண்டு தாங்கிக்கு வெளியே தொங்க வேண்டும். தாங்கியின் இரண்டு பக்கக் கால்களுக்கும் நடுவில் அறுத்தால் கட்டை நடுவில் தொய்ந்து, வெட்டின் வாய் மூடி, பாரைக் கவ்விக்கொள்ளும். வெளியே தொங்கினால் வாய் திறந்துகொண்டே போகும். ஆரம்பத்தில் 6 அங்குலத்துக்கு மேல் பருமனான கட்டை வேண்டாம். பழகுவதற்கு விறகுத் தொட்டியில் கிடைக்கும் 3, 4 அங்குலச் சவுக்குக் கட்டையைப் போல வேறொன்றில்லை. நேராக இருக்கும்.

ராட்செட் பட்டையை இறுக்குவதற்கு முன்பே நீளம் பார்த்துவிடுங்கள், அதற்கு டேப் வேண்டாம். 12 அங்குலத்துக்கு ஒரு குச்சி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பாரில் வைத்து மறு முனை வரைக்கும் கட்டையைத் தள்ளுங்கள், பிறகு குச்சியை எடுத்துவிடுங்கள். எடுக்காமல் நிரந்தரமாக ஒரு தடுப்புப் பலகை வைத்தால், அறுபட்ட துண்டு அதற்கும் பாருக்கும் நடுவில் ஆப்பு மாதிரி மாட்டிக்கொள்ளும்.

கட்டையின் மரப்பட்டையைச் சுற்றி ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். நம்மூர் மரங்களில் விளம்பரப் பலகை அடித்த ஆணி, சீரியல் பல்பு கட்டிய கம்பி எல்லாம் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் இழுக்கும். செம்பு வயருக்குக் காந்தம் ஒட்டாது. அதை விரலால்தான் தேட வேண்டும்.

இப்போது பேட்டரி. பிரேக் பூட்டியிருக்கும்போதே மாட்டுங்கள். இடக்கை முன் கைப்பிடியில், கட்டைவிரல் சுற்றி வளைந்திருக்க வேண்டும், வலக்கை பின்னால். பிரேக்கை விடுவித்து, செயின் முழு வேகம் எடுத்த பிறகே கட்டையில் இறக்குங்கள். அழுத்த வேண்டாம், கூரான செயின் தானாக இறங்கும். மரத்துக்குள் போகும்போது மோட்டாரின் சுருதி இறங்கும்; அடிப்பக்கம் நெருங்கும்போது மெல்ல ஏறும். ஏறுவது கேட்டதும் கையின் பாரத்தை எடுத்துவிடுங்கள். துண்டு விழும். விசையை விட்டு, மெஷினை உயர்த்தி, கைப்பிடியை விடாமலே இடது மணிக்கட்டின் பின்புறத்தால் பிரேக்கைத் தள்ளுங்கள். விசையை விட்ட பிறகும் செயின் ஒரு கணம் சுற்றும். அந்தச் சலசலப்பும் அடங்கட்டும். பேட்டரியைக் கழற்றுங்கள். அப்புறம் குனிந்து துண்டைத் தேடலாம்.

வேட்டி, லுங்கி, செருப்பு எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. உடம்போடு ஒட்டிய முழுக்கால்சட்டை, இரும்பு முனை ஷூ, வலை முகமூடி உள்ள ஹெல்மெட். செயின் சா வேலைக்கென்று வரும் கால் கவசத்தின் உள்ளே நீண்ட நார்கள் இருக்கும். செயின் பட்டால் அவை சுற்றிக்கொண்டு ஓட்டத்தை நிறுத்தும். ஐஎஸ்ஓ 11393 தரத்தில் கிளாஸ் 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர் வேகச் செயினில் சோதித்தது. ஆனால் மின் மோட்டாரின் இழுவை அதிகம். நார் முழுதாக நிறுத்திவிடும் என்று நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது. காதுக்குப் பஞ்சு வைப்பதும் வேண்டாம், சும்மா விடுவதும் வேண்டாம். மெல்லிய ஒலியைக் கேட்கவிட்டு உரத்த ஒலியை மட்டும் அடக்கும் எலக்ட்ரானிக் காதுக்கவசம் விற்கிறார்கள். விலை கூடுதல்தான். காதுதான் உங்கள் முதல் புலன் என்பதால் செலவில் இதற்கே முதலிடம் கொடுங்கள்.

கேள்வி: கணவருக்குப் பார்வை இல்லை. அவர் மெஷின் ஓட்டும்போது நான் கூட நிற்கிறேன். எங்கே நிற்க வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும்?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: குறைந்தது 3 மீட்டர் தள்ளி, பாரின் நீட்டத்துக்கு நேராக இல்லாமல், பக்கவாட்டில் நில்லுங்கள். மெஷின் ஓடும்போது தோளைத் தொட்டுக் கூப்பிடாதீர்கள். திடுக்கிட்டுத் திரும்பினால் பாரும் சேர்ந்து திரும்பும். 'இன்னும் கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம்' என்று ஓடும்போது வழி சொல்வதும் ஆபத்து. அளவு எல்லாம் ஓட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஓடும்போது உங்களுக்கு ஒரே ஒரு சொல்தான்: 'நில்'. குழந்தை ஓடி வந்தாலும், கட்டையைக் கட்டிய ராட்செட் பட்டை தளர்ந்தாலும் அதே சொல். அவர் காரணம் கேட்காமல் விசையை விட வேண்டும். காதுக்கவசத்தில் ப்ளூடூத் இருந்தால் போனில் அழைப்பைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கழுத்தில் விசில். அவர் தரப்பிலும் ஒரு கடமை உண்டு. பேட்டரியைக் கழற்றியதும் 'பேட்டரி வெளியே' என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் நீங்கள் அருகே போகாதீர்கள்.

அவர் நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் மேட் போட்டுவிடுங்கள். பாதம் மேட்டின் ஓரத்தை உணர்ந்தாலே தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வார். விழுந்த துண்டுகளை ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு அகற்றுங்கள். கால் தடுக்குவதுதான் பெரும்பாலும் முதல் தவறு. வெண்கோலுக்கு எப்போதும் ஒரே இடம், தாங்கியிலிருந்து நாலடி தள்ளி ஒரு கொக்கியில்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு கையால் பிடிக்கிற மினி செயின் சா மலிவாக வருகிறது. ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுகிற செயின் செட்டும் வருகிறது. சின்னது என்பதால் பார்வையற்றவருக்கு இது பாதுகாப்பு இல்லையா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: நேர்மாறு. ஒரு கையால் பிடித்தால் மறு கை சும்மா இருக்காது, கிளையைப் பிடிக்கப் போகும். செயின் அறுத்துக்கொண்டு வருவது அந்தக் கையை நோக்கித்தான். இரண்டு கையும் கைப்பிடியில் பூட்டிக் கிடப்பதுதான் பெரிய மெஷினில் நமக்கு இருக்கும் பாதுகாப்பு. மினியில் அதுவே போய்விடுகிறது. இந்த விலையில் வருபவை பலவற்றில் செயின் பிரேக்கும் கிடையாது.

கிரைண்டர் செட்டை யாருமே வாங்கக் கூடாது. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். செயினுக்கான பிரேக் இல்லை, கைத்தகடு இல்லை. சுவிட்சைத் தள்ளிவிட்டால் கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் கிரைண்டர்கள்தான் கடைகளில் அதிகம்.

முருங்கைக் கிளைக்கும் விரல் தடிமன் சுள்ளிக்கும் மெஷினே தேவையில்லை. மெல்லிய சுள்ளியைச் செயின் கவ்வினால் சாட்டை மாதிரி முகத்தில் அடிக்கும். மடக்கு ரம்பம் ஒன்று, கிளை வெட்டும் கத்தரி ஒன்று இருந்தால் வீட்டுத் தோட்டத்து வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

கேள்வி: செயின் இறுக்கம், கூர், எண்ணெய் எல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்வதாகவே வீடியோக்களில் காட்டுகிறார்கள். தொட்டுப் பார்த்துச் சொல்ல வழி இருக்கிறதா?
– வாசகர், கொரட்டூர்

பதில்: இருக்கிறது, சிலவற்றைக் கண்ணைவிடக் கை நன்றாகவே சொல்லும். பேட்டரி வெளியே, கையில் கையுறை, அதற்குப் பிறகே எல்லாம்.

இறுக்கம்: பாரின் அடிப்பக்கம் செயின் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும். மேல்பக்கம் நடுவில் செயினைப் பிடித்துத் தூக்குங்கள். உள்ளே ஓடும் பற்கள் கொஞ்சம் வெளியே வர வேண்டும், பாரின் காடியை (செயின் ஓடும் பள்ளத்தை) விட்டு முழுதாக வந்துவிடக் கூடாது. விட்டதும் 'டக்' என்று திரும்பி உட்கார வேண்டும். நுனிப் பக்கமாக இழுத்தால் லேசான தடையோடு ஓட வேண்டும். சூட்டில் செயின் நீளும். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். இல்லையென்றால் ஆறிச் சுருங்கிப் பாரை நெரிக்கும்.

திசை: பாரின் மேல்பக்கம் மெஷினிலிருந்து நுனியை நோக்கித் தடவினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கேயே குத்தினால் செயினைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்.

கூர்: அறுத்த பிறகு கீழே கிடப்பதை ஒரு பிடி அள்ளுங்கள். செதில் செதிலாக இருந்தால் கூர் நன்றாக இருக்கிறது. மாவு மாதிரி இருந்தால் செயின் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டும்போதுதான் கை சறுக்கும். அறுபட்ட முகத்தையும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாக வளைந்திருந்தால் இடப்பற்களும் வலப்பற்களும் ஒரே அளவில் இல்லை. உருண்டை அரத்துக்குக் கோணத்தைப் பிடித்துத் தரும் வழிகாட்டிச் சட்டம் கிடைக்கும், அதைப் பாரின் மேல் உட்காரவைத்து ராவலாம். சிறு மெஷின்களின் 3/8 லோ புரொஃபைல் செயினுக்குப் பெரும்பாலும் 4 மி.மீ. அரம், செயின் உறையில் போட்டிருக்கும் அளவைக் கடைக்காரரிடம் படிக்கச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். முதல் பல்லில் ஒரு துணி கிளிப்பை மாட்டிவிட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் எண்ணி மூன்று இழுப்பு. ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறு பக்கம்.

எண்ணெய்: பேட்டரி சார்ஜுக்கு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் தொட்டியை நிரப்புங்கள். தொட்டியின் கொள்ளளவு 150 மி.லி. என்றால், அளவுக் குப்பியில் அதற்குக் குறைவாகவே எடுத்து, தொட்டியின் வாயில் விரலை வைத்து மட்டம் பார்த்து ஊற்றுங்கள். ஓட்டி நிறுத்திய பின் பாரை ஒரு காகிதத்தால் துடைத்தால் பிசுபிசுப்பு இருக்க வேண்டும். உலர்ந்திருந்தால் எண்ணெய்த் துளையில் தூள் அடைத்திருக்கிறது. மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கிறதே என்று பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் இரும்புப் பொடி பாரைத் தின்னும், உங்கள் தோலுக்கும் கேடு.

கேள்வி: புயலில் பக்கத்து மரம் எங்கள் காம்பவுண்டில் விழுந்தால், தாங்கி, கீல் எல்லாம் வைத்துப் பழகியவர் அதை அறுக்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கூடாது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் நம் சென்னை எத்தனை மரங்களை இழந்தது என்பது நினைவிருக்கும். விழுந்த மரம் கீழே அசையாமல் கிடப்பதுபோல் இருந்தாலும் வில் மாதிரி வளைந்து நிற்கும். எந்தக் கிளையில் இழுவை, எதில் அழுத்தம் என்பதைத் தடவிச் சொல்ல முடியாது. அடிமரத்தை அறுத்தால் வேர்மண்ணோடு தூர் திரும்பி நிமிர்ந்துவிடுவதும் உண்டு. அறுந்த மின்கம்பி ஈரக் கிளைகளுக்குள் கிடந்தால் தொட்டுப் பார்ப்பதே உயிருக்கு ஆபத்து. சென்னை மாநகராட்சிக்கு 1913, மின்வாரியத்தின் மின்னகத்துக்கு 94987 94987. அவர்கள் துண்டு போட்டுத் தந்த பிறகு, அந்தத் துண்டுகளைத் தாங்கியில் ஏற்றுங்கள்.

கேள்வி: எனக்கு ரெடினைடிஸ் பிக்மென்டோசா. நடுப்பார்வை கொஞ்சம் இருக்கிறது, சுற்றிலும் தெரியாது. எனக்கும் இதே விதிகள்தானா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: இதே விதிகள்தான், இன்னும் கண்டிப்பாக. நடுவில் பார்க்கும்போது வெட்டு தெரியும், பாரின் நுனி தெரியாது. கிக்பேக் தொடங்குவது அந்த நுனியில். வெயிலிலிருந்து மரநிழலுக்கு வந்தால் உங்கள் கண்ணுக்குப் பழக நேரம் பிடிக்கும். மாலை மங்கலில் சுத்தமாகவே கைவிட்டுவிடும். தாங்கியை முழு நிழலிலோ முழு வெளிச்சத்திலோ வையுங்கள், இரண்டும் கலந்த இடத்தில் வேண்டாம். அறுக்க வேண்டிய இடத்தைப் பளிச்சென்ற மஞ்சள் டேப்பால் சுற்றி, அதற்கு ஒரு விரல்கடை தள்ளி அறுங்கள். டேப் செயினில் சிக்கக் கூடாது. கருநிற வலை முகமூடி உங்களுக்கு வெளிச்சத்தை இன்னும் குறைக்கும். ஹெல்மெட் வாங்கும்போது அணிந்து, கடைக்கு வெளியே வந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அந்த வலையோடு மஞ்சள் டேப் தெரியவில்லை என்றால், டேப்பை விட்டுவிட்டு மேலே சொன்ன 12 அங்குலக் குச்சிக்கே வந்துவிடுங்கள்.