ஃபிட்ஸ் இருந்தால் கருவைக் கலைத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 27. 14 வயதிலிருந்து ஃபிட்ஸ் உண்டு, வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறேன். போன வருடம் 9 வாரத்தில் கரு கலைந்துவிட்டது. இப்போது மறுபடியும் 7 வாரம். "மாத்திரை வேகத்துல பிள்ளை ஊனமாப் பொறக்கும், கலைச்சிடு" என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. பயத்தில் 2 நாளாக மாத்திரை போடவில்லை. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: முதலில் மாத்திரையைப் பேசுவோம் அம்மா. இன்றைக்கே உங்கள் நரம்பியல் டாக்டரை போனில் பிடித்து, நிறுத்திய விஷயத்தைச் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம், அது உங்கள் உயிருக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. விட்டுப்போனதற்காக இரட்டையாகவும் போட வேண்டாம்.

போன வருடம் நடந்தது உங்கள் தப்பில்லை. ஃபிட்ஸே இல்லாத பெண்களுக்கும், கர்ப்பம் என்று தெரிந்தபின் 100-ல் 10 முதல் 15 பேருக்குக் கரு கலைகிறது.

மாமியாரின் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வால்ப்ரோயேட் சாப்பிடும் தாய்மார்களுக்கு 100 குழந்தைகளில் சுமார் 10 பேர் உடல் குறையோடு பிறக்கிறார்கள், பொதுவாக இது 2, 3தான். 100-ல் 30 முதல் 40 பேருக்கு, வளரும்போது பேச்சு, படிப்பு, வளர்ச்சியில் சிரமம் வரலாம். டோஸ் கூடக் கூட ஆபத்தும் கூடும். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டாம் போன்ற வேறு ஃபிட்ஸ் மாத்திரைகள் இதைவிட எவ்வளவோ பாதுகாப்பானவை; கர்ப்பத்துக்கு முன்பே யாராவது இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. இப்போது மாற்றலாமா, டோஸைக் குறைக்கலாமா, ஃபோலிக் ஆசிட் எவ்வளவு என்பதையெல்லாம் அந்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, கலைப்பதா? ஃபிட்ஸ் இருக்கிறது என்பது மட்டுமே அதற்குக் காரணம் ஆகாது. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் முதுகுத்தண்டு, இதயக் குறைகள் பெரும்பாலும் தெரிந்துவிடும், ஆனால் படிப்பில் வரும் சிரமம் எந்த ஸ்கேனிலும் தெரியாது. இதையெல்லாம் கேட்டபின் நீங்களே வேண்டாம் என்று நினைத்தால், 1971 கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் வழி தருகின்றன: 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், 18 வயது முடிந்த பெண்ணுக்குக் கணவர் கையெழுத்தோ மாமியார் கையெழுத்தோ தேவையில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் கலைக்க வைப்பது குற்றம். மெடிக்கலில் நீங்களாகக் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், ஃபிட்ஸ் மாத்திரை போட்டதும் வாந்தி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வராவிட்டால் உங்கள் அம்மாவோடு போங்கள்.