ரங்கூன் முத்திரை குத்திய இந்திய தபால்தலை எந்தப் பக்கம்?

கேள்வி: எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) ரங்கூனில் கடை வைத்திருந்தவர். அவர் தொடங்கிய தபால்தலை ஆல்பத்தை அப்பா தொடர்ந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது. பர்மா, சிலோன், சோவியத் யூனியன், கிழக்கு ஜெர்மனி என்று பாதிப் பக்கங்களில் இன்று இல்லாத நாடுகள். இந்திய தபால்தலைகள் சிலவற்றில் ரங்கூன் முத்திரை வேறு. எல்லாவற்றையும் மியான்மர், ஸ்ரீலங்கா, ரஷ்யா என்று இப்போதைய பெயருக்கு மாற்றி ஒட்டவா? தெரிந்தவர் மூலம் வந்த வியாபாரி ஒருவர், "டெட் கன்ட்ரி ஸ்டாம்புக்கு நல்ல விலை உண்டு. ஆல்பத்தைக் கொடுங்கள், புது ஆல்பத்தில் நானே இலவசமாக அடுக்கித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, காரைக்குடி

பதில்: ஒட்டியதை உரிக்காதீர்கள். ஆல்பத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு இது போதும். காரணம் வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் 'ராமநாதபுரம் ஜில்லா' என்றுதான் இருக்கும். இப்போது சிவகங்கை மாவட்டம் ஆகிவிட்டதே என்று அதை அடித்துத் திருத்துவீர்களா? தபால்தலையும் அப்படித்தான். வெளியிட்ட அன்று அந்தத் தபால் இலாகா யாருடையதோ, அந்தப் பெயரில்தான் அது இருக்க வேண்டும். இன்றைய மேப்பைப் பார்த்து அடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தடவை ஆல்பத்தைக் கலைக்க வேண்டிவரும். தலைப்பில் 'பர்மா' என்று இருந்தால் பக்கத்தில் பென்சிலால் 'இன்று மியான்மர்' என்று எழுதுங்கள். பேனா வேண்டாம்.

இனி ஐயாவின் ரங்கூன் விஷயம். இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். 1937 மார்ச் 31 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே தனித் தபால்தலை கிடையாது. சென்னையில் விற்ற அதே ஐந்தாம் ஜார்ஜ் தலைதான் ரங்கூன் தபால் நிலையத்திலும். ஆகவே 'இந்தியா' என்று அச்சிட்டு ரங்கூன் முத்திரை விழுந்த தபால்தலை தப்பாக இடம் மாறி வந்ததல்ல. அது இந்தியத் தபால்தலை, பர்மாவில் பயன்பட்டது. இப்படிப்பட்டவற்றுக்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இந்தியப் பக்கத்திலேயே விடுங்கள். அல்லது பர்மாப் பக்கத்துக்கு முன்னால் ஒரு தாள் சேர்த்து '1937க்கு முன்' என்று தலைப்பிட்டு அங்கே வையுங்கள். இரண்டும் சரிதான். ஆனால் முத்திரையில் ஊர்ப்பெயர் படிக்கக் கிடைத்தால் மட்டுமே இந்த வேலை. ஊர் தெரியாத மங்கல் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, 'இது ரங்கூனாகத்தான் இருக்கும்' என்று நாமே முடிவு கட்டக் கூடாது. ரங்கூன் மட்டுமல்ல, மௌல்மீன், மாந்தலே, பாசீன் என்று எந்த பர்மா ஊருக்கும் இதே கணக்குத்தான். நம்மவர்கள் கடை வைத்த ஊர்கள் இவை எல்லாம். பெயர்கள் உங்கள் வீட்டில் காதில் விழுந்திருக்கும்.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா பிரிந்தது. புதுத் தபால்தலை தயாராகவில்லை. அதனால் இந்தியத் தபால்தலை மேலேயே கறுப்பு மையில் 'பர்மா' என்று ஆங்கிலத்தில் அடித்து விற்றார்கள். இந்த மேலச்சைத்தான் நாங்கள் ஓவர்பிரிண்ட் என்போம். கீழே 'இந்தியா' என்று இருந்தாலும் மேலே அடித்த பெயரே கணக்கு. இவை பர்மாப் பக்கத்துக்கு. 1938இல் ஆறாம் ஜார்ஜ் படத்தோடு பர்மாவின் சொந்தத் தபால்தலைகள் வந்தன. அதற்குப் பிறகு ஜப்பானியர் காலம், 1945இல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் மேலச்சு, 1948 ஜனவரி 4இல் சுதந்திரம். எல்லாவற்றையும் ஒரே 'பர்மா' தலைப்பின் கீழ் ஆண்டு வரிசையில் வைத்தால் போதும். ஆட்சி மாறிய ஒவ்வொரு தடவையும் தனி நாடு, தனித் தலைப்பு என்று போகாதீர்கள்.

மேலச்சு என்றாலே நான் கொஞ்சம் கத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அசல் தபால்தலையை நகலெடுப்பது கஷ்டம். அசல் மேல் நாலு எழுத்து அடிப்பதற்கு என்ன வேண்டும்? ஒரு அச்சுக்கட்டையும் கொஞ்சம் கறுப்பு மையும். 1937 வரிசை 25 ரூபாய் வரை போகும். மேல் மதிப்புகள் அரிது என்பதால் சாதாரண இந்தியத் தபால்தலையில் 'பர்மா' அடித்து விற்பவர்கள் உண்டு. அதைவிட மோசம் 1942இன் மயில் முத்திரை. பர்மா விடுதலைப் படை, மன்னர் முகத்தை மறைக்க மயில் உருவத்தை அடித்தது. அசல் கொஞ்சம், போலி கொள்ளை. 1971இல் வங்கதேசம் பிறந்தபோது பாகிஸ்தான் தபால்தலைகளில் ரப்பர் ஸ்டாம்பால் நாட்டுப் பெயரைக் குத்தினார்களே, அதிலும் இதே கதை. ஐயாவின் ஆல்பத்தில் மயில் இருந்தால் சந்தோஷப்படுங்கள், அங்கேயே இருக்கட்டும். யாராவது உங்களிடம் மயில் விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள். நிபுணர் சான்றிதழ் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். சாதாரணத் தலைக்கு அந்தக் கட்டணமே அதன் விலையைத் தாண்டும். இத்தனை சேகரிப்பாளர்கள் உள்ள நாட்டில் சாதாரணக் குடும்பம் பக்கத்து ஊரில் போய்க் கேட்க ஓர் இடமில்லை என்பது வெட்கக்கேடு. அந்த இடைவெளியில்தான் உங்கள் வியாபாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவர் சொன்ன 'டெட் கன்ட்ரி' கதைக்கு வருகிறேன். நாடு மறைந்தால் தபால்தலை விலை ஏறாது. எத்தனை அச்சிட்டார்கள், எத்தனை மிஞ்சியது என்பதுதான் விலை. கிழக்கு ஜெர்மனி 1990இல் போயிற்று, சோவியத் யூனியன் 1991இல் போயிற்று. இரண்டும் சேகரிப்பாளர்களுக்கென்றே மூட்டை மூட்டையாக அச்சடித்துத் தள்ளிய நாடுகள். மூலையில் அழகாக முத்திரை இருக்கும், திருப்பிப் பார்த்தால் பின்னால் பசை அப்படியே இருக்கும். எந்தக் கடிதத்திலும் போகாமல், விற்பதற்காகவே முத்திரை குத்தியவை. அப்பா ஆசையாகச் சேர்த்தது, வைத்துக்கொள்ளுங்கள், விலை எதிர்பார்க்காதீர்கள். (சோவியத் தலையில் 'சிசிசிபி' என்று படிக்கிறீர்களா? அது ரஷ்ய எழுத்து, 'எஸ்எஸ்எஸ்ஆர்' என்று படிக்க வேண்டும். அதற்கென்று தனிப் பக்கம் போட்ட ஆல்பங்களைப் பார்த்திருக்கிறேன்.)

அஜ்மான், ஃபுஜைரா, மனாமா என்ற பெயர்களில் பளபளவென்று பூனைக்குட்டி, ராக்கெட், ஒலிம்பிக் படங்கள் இருந்தால் அவை 1960களின் கடைசி, 70களின் தொடக்கம். அமீரகம் ஒன்றாகக் கூடி ஒரே தபாலுக்கு வருவதற்கு முன் வந்த வெள்ளம். மனாமாவைப் பஹ்ரைன் தலைநகரம் என்று நினைத்து பஹ்ரைன் பக்கத்தில் ஒட்டுவார்கள். இந்த மனாமா அஜ்மானுக்குச் சொந்தமான சின்ன உள்நாட்டு ஊர். பிள்ளைகள் விளையாடக் கொடுக்கலாம்.

சிலோன் சுலபம். 1972 மே 22இல் குடியரசாகிப் பெயர் மாறியது. அதற்கு முன் 'சிலோன்', பின் 'ஸ்ரீலங்கா'. தபால்தலையிலேயே எழுதியிருக்கிறது. தமிழ் எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதில் முன்னும் 'இலங்கை', பின்னும் 'இலங்கை'. கேட்லாக்கை, அதாவது தபால்தலைகளை எண்ணும் விலையும் போட்டுப் பட்டியலிடும் புத்தகத்தைப் பார்த்து அடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கிப்பன்ஸ், ஸ்காட், மிஷெல் ஆகிய மூன்றும் தனித்தனி எண் கொடுக்கும். ஒன்றின் எண் மற்றதற்கு உதவாது. போதாததற்குப் புதுப் பதிப்பு வாங்கு, புது ஆல்பம் வாங்கு என்று பிடுங்கல் வேறு. ஐயாவின் வரிசையே உங்களுக்கு வரிசை.

'இலவசமாக அடுக்கித் தருகிறேன்' என்ற வார்த்தைக்குப் பின்னால் நடப்பது இதுதான்: இருநூறு தலை போகும், நூற்றெண்பது திரும்பி வரும், எது குறைகிறது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் பழைய காகிதம் மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தது. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் போனில் படம் எடுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால்கூடப் படத்தை மட்டும் காட்டுங்கள். கேட்லாக் விலையை யாராவது விரலால் தொட்டுக் காட்டினால், அந்த விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய உறைகள் பரணிலோ பெட்டகத்திலோ இருக்கும். தபால்தலைக்காக மூலையைக் கத்தரிக்காதீர்கள், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். பழைய தலைகள் சிலவற்றின் மை தண்ணீரில் கரைந்துவிடும். முத்திரை, தேதி, விலாசம், உள்ளே இருக்கும் கணக்குக் காகிதம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த உறை. ஈரமில்லாத அலமாரியில் நிற்கவைத்து அடுக்குங்கள். ஆல்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.