சிவப்பு மணியைச் சுற்றி

அன்புள்ள ஐயா,

பழனிக்குப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் எடுத்த கருங்கல்லில் மிளகளவு சிவப்பு மணிகள் இருக்கின்றன. கார்னெட் என்ற கனிமம் என்றார்கள். குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் என்று, பாறையில் வெப்பம் ஏற ஏறத் தோன்றும் கனிமங்களின் அட்டவணை ஒன்று வைத்திருக்கிறேன். அதன்படி என் கல் நடுத்தர வெப்பம்தான் கண்டிருக்கிறது. சரியா? இதன் வயது என்ன? விலை போகுமா?

க.

அன்புள்ள க.,

விலை போகாது. வயதை கார்னெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிர்கான், மோனசைட் மாதிரி கனிமங்களைத் தேடி ஆய்வகத்தில் அளக்கவேண்டும். இரண்டையும் விட்டுவிடுவோம்.

அந்த அட்டவணைதான் என்னைக் கோபப்படுத்தியது. ஜார்ஜ் பாரோ என்ற புவியியலாளர் ஸ்காட்லாந்து மலைகளில் நடந்து நடந்து கண்ட வரிசை அது, 1893இல் எழுத ஆரம்பித்தார். களிமண்ணாகப் படிந்து பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகளுக்கான வரிசை. அதைக் கொண்டுவந்து கருங்கல்லின் மேல் வைக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து நீங்கள் மாத்திரை விழுங்குவீர்களா? கார்னெட் 500 டிகிரியிலும் வரும், 800 டிகிரியிலும் இருக்கும். அது தனியாக நின்று எதையும் சொல்லாது. அதே 1893இல்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அதே வகையான பல்லாவரத்துக் கருங்கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர் வைத்தார். நம் ஊர்க் கல்லுக்குப் பெயர் கிடைத்தது ஒரு கல்லறையிலிருந்து. சரி, அது வேறு கதை.

உங்களைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. மாணவனாக இருந்தபோது இதே தப்பை நானும் செய்தேன். பழனி மலைப் பக்கத்துக் கல் ஒன்றை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து, கார்னெட், ஹைப்பர்ஸ்தீன், பிளேஜியோகிளேஸ், குவார்ட்ஸ், பயோடைட் என்று தெரிந்த கனிமங்களைப் பட்டியல் போட்டு, கீழே ஒரே ஒரு வெப்பநிலையும் எழுதி நீட்டினேன். ஆசிரியர் குறுக்கே கோடு போட்டார். "இது மொய் நோட்டு. யார் முதலில் வந்தார், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை, அது எங்கே?" என்றார். அன்று மதியச் சாப்பாடு கிடையாது. ஒரே ஒரு கார்னெட்டைப் பென்சிலால் வரையச் சொல்லி உட்காரவைத்தார்.

வரைந்தபோதுதான் கண்ணில் பட்டது. கார்னெட்டும் குவார்ட்ஸும் எங்குமே தொட்டுக்கொள்ளவில்லை. நடுவில் ஹைப்பர்ஸ்தீனும் பிளேஜியோகிளேஸும் விரல்கள் போலப் பின்னி ஒரு விளிம்பு கட்டியிருந்தன. ஆழத்தில் ஒன்றாக இருந்த இரண்டும், அழுத்தம் குறைந்ததும் ஒன்றையொன்று தின்று உண்டாக்கிய விளிம்பு. அதாவது கல் சூடு ஆறுவதற்கு முன்பே மேலே ஏறியிருக்கிறது. பயோடைட் அப்போது அங்கே இல்லை. அப்புறம் ஆறிவரும்போது நீர் புகுந்து விரிசல்களில் உண்டானது. என் பட்டியலில் ஐந்து பெயர். கல்லில் மூன்று காலம். மூன்றையும் கூட்டி நான் எழுதிய வெப்பநிலையில் அந்தக் கல் ஒரு நாளும் இருந்ததில்லை.

சேர்ந்திருக்கும் கனிமங்கள் என்றால் ஒரே கல்லில் இருப்பவை அல்ல, சண்டையில்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பவை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

உங்கள் கல்லை உடைத்து, புது முகத்தைக் கழுவி, பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். சிவப்பு மணியைச் சுற்றி, நான் வரைந்த விளிம்பு மாதிரி, வெள்ளையும் பழுப்புமாக மெல்லிய வளையம் தெரிகிறதா? தெரிந்தால் படம் எடுக்காதீர்கள். வரைந்து அனுப்புங்கள்.