சிவில் படித்தவர் நிலவியல், புவி இயற்பியல் பொறியியலில் பிஎச்.டி. சேரலாமா?

சிவில் முதுகலை முடித்துவிட்டு இந்தத் துறையில் பிஎச்.டி. சேர முடியுமா, கணக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம். மண் இயக்கவியலும் பாறை இயக்கவியலும் தெரிந்திருப்பது பெரிய பலம்.

கணக்குதான் கொஞ்சம் வேலை வாங்கும். நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, நிரல் எழுதும் பழக்கம் எல்லாம் வேண்டும். தரைமேல் எடுத்த அளவீட்டை வைத்து நிலத்துக்கு உள்ளே இருப்பதைக் கணிப்பதுதான் இங்கே முக்கால்வாசி வேலை. சிக்கல் என்னவென்றால், ஒரே அளவீட்டுக்குப் பல விடைகள் பொருந்தும். மின்தடை குறைவாக வந்தால் அது களிமண்ணாக இருக்கலாம், உப்புநீர் ஊறிய மணலாகவும் இருக்கலாம். அதிர்வலை ஆய்விலும் இதே கதைதான். தளர்ந்த மண்ணில்கூட நீர் முழுதாக நிறைந்துவிட்டால் முதன்மை அலை (மண்ணை அழுத்தியும் தளர்த்தியும் முன்னேறும் அதிர்வு) வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் பாயும். அதை மட்டும் பார்த்தால் மண் இறுகியிருப்பதாக ஏமாந்துவிடுவோம். குறுக்கலை (மண்ணைக் குறுக்காக அசைத்துச் செல்லும் அதிர்வு) திரவத்தில் பரவாது, அதனால் மண்ணின் உண்மையான விறைப்பை அதுதான் காட்டிக்கொடுக்கும். கணினித் திரையில் வரும் வண்ணப்படத்தை அப்படியே நம்பாமல் துளையிட்டு எடுத்த மாதிரியோடு ஒப்பிடும் புத்தி சிவில்காரர்களுக்குத் தானாகவே வரும்.

அப்புறம், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டிதான் முக்கியம் என்பேன். தரவு யாருடையது, அதை வெளியிட அனுமதி உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். எண்ணெய், சுரங்க நிறுவனங்களின் தரவு என்றால் ரகசிய ஒப்பந்தம் இருக்கக்கூடும். ஆய்வு முடிந்தும் கட்டுரை வெளிவராமல் கிடக்கும். வழிகாட்டியின் சமீபத்திய கட்டுரைகளை வாசித்துவிட்டு, அதிலிருந்து ஒரு கேள்வியோடு மின்னஞ்சல் அனுப்புங்கள்.