லாம் நோய் இருக்கிறது, வயது 31, ஒருமுறை நுரையீரல் சுருங்கி, திரும்பச் சுருங்காமல் இருக்க இடது நுரையீரலை மார்புச் சுவரோடு ஒட்டவைத்திருக்கிறார்கள். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

எனக்கும் லாம்தான். பையனுக்கு இப்போது மூன்று வயது. நான் மருத்துவர் இல்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: லிம்ஃபாஞ்சியோலியோமயோமடோசிஸ். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருகிற அரிய நோய். நுரையீரல் முழுக்கக் காற்றுக் குமிழ்கள். ஒன்று வெடித்தால் காற்று வெளியே கசிந்து நுரையீரலை அழுத்திச் சுருக்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் இதைத் தூண்டும் என்கிறார்கள். கர்ப்பத்தில் ஆபத்து கூடுவது அதனால்தான்.

நான் லாமுக்காக சிரோலிமஸ் என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தி 12 வாரமாவது போன பிறகே முயற்சி செய்யச் சொன்னார் நுரையீரல் மருத்துவர். நிறுத்தினால் மூச்சுத்திறன் திரும்ப இறங்கலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. முதலிலேயே மூச்சுப் பரிசோதனை எடுத்தார்கள். சிறுநீரகத்தில் கட்டி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். லாம் உள்ளவர்களுக்கு அங்கே ரத்தக்குழாய் நிறைந்த கட்டி வருவதுண்டு, கர்ப்பத்தில் அது வெடித்து ரத்தம் கசியலாம். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (உடலில் பல இடங்களில் கட்டி வரவைக்கும் மரபணு நோய், லாமும் அதோடு வரலாம்) உண்டா என்று மரபணுப் பரிசோதனையும் நடந்தது. அது இருந்தால் பிள்ளைக்குப் போக 50% வாய்ப்பு. எனக்கு இல்லை.

29ஆவது வாரம், ராத்திரி, வலது மார்பில் சுருக்கென்று ஒரு குத்து. "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும், வாயுவா இருக்கும்" என்று அத்தை ஓமத் தண்ணீர் கொடுத்தார். நானும் குடித்தேன், அதுதான் கோபம். விடிந்த பிறகுதான் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுக்கத் தயங்கினார்கள். என் கணவர் எங்கள் மருத்துவரை போனில் பிடித்துக் கொடுத்தார். மார்பு எக்ஸ்ரேயில் குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு என்று அவர் சொன்ன பிறகே எடுத்தார்கள். நுரையீரல் பாதி சுருங்கியிருந்தது. காற்றை வெளியேற்ற மார்பில் டியூப் போட்டு ஒன்பது நாள் படுக்கை.

அப்புறம்தான் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கைப்பையில் வைத்தேன்: இந்த நோய், நெஞ்சுவலி வந்தால் உடனே எக்ஸ்ரே, இந்த எண்ணுக்குப் பேசவும். நீங்கள் முதல் மாதமே வாங்கிவிடுங்கள்.

36ஆவது வாரத்தில் சிசேரியன், முதுகில் ஊசி போட்டு. சிரோலிமஸைத் திரும்பத் தொடங்கியதால் தாய்ப்பால் கொடுக்கவில்லை. அதற்கும் சொந்தக்காரர்கள் பேசினார்கள், சரி, பேசட்டும்.

உங்களுக்கு இடது பக்கம் ஒட்டியாயிற்று. எனக்கும் இடதுதான் ஒட்டியிருந்தது, சுருங்கியது வலது. அந்தப் பக்கத்தை என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.